‘லை’, ‘லே’: கிடப்பதும் கிடத்துவதும்

மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் கட்டத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். தமிழ் வழியில் படித்தவர்கள் அதில் அதிகம் அஞ்சுவது பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளுக்குத்தான். மதுரை புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உடன் படித்தவர்களிடம் நான் ஓயாமல் சொல்லி வந்தது இது: ஆங்கில வினைகளான ‘லை’ (lie), ‘லே’ (lay) குழப்பத்தைத் தீர்க்கப் பள்ளியில் படித்த தமிழ் இலக்கணமே போதும்.

‘லை’ என்றால் கிட, படு. ‘லே’ என்றால் கிடத்து, வை, இடு. நம்மிடம் எழு–எழுப்பு, விழு–வீழ்த்து என்று இருப்பவை அங்கே ரைஸ்–ரெய்ஸ், ஃபால்–ஃபெல். மரத்தை வெட்டி வீழ்த்துவதை ‘ஃபெல்’ என்பது இந்த வழியில் வந்ததுதான். ஆகவே வினைச்சொல்லைக் கண்டதும் ‘எதை?’ என்று கேளுங்கள். கோழி எதை இட்டது? முட்டையை. பதில் வந்துவிட்டது, எனவே ‘லே’. மதுரை வைகைக் கரையில் அமைந்திருக்கிறது என்னும்போது ‘எதை’ என்ற கேள்விக்கே இடமில்லை, அங்கே ‘லைஸ்’.

இதோடு முடிந்திருந்தால் யாரும் மதிப்பெண் இழக்க மாட்டார்கள். வில்லங்கம் இறந்த காலத்தில் இருக்கிறது. ‘லை’யின் இறந்த காலமும் ‘லே’தான், அதே எழுத்து, அதே ஒலி. லை, லே, லெய்ன் (lie, lay, lain) என்பது ஒரு வரிசை. லே, லெய்ட், லெய்ட் (lay, laid, laid) மற்றொன்று. வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் செய்யுங்கள். மனப்பாடமே கூடாது என்று உபதேசிக்கும் பயிற்றுநர்களை நான் நம்புவதில்லை.

மதுரைக்காரர்களுக்கு எடுத்துக்காட்டு தேடி அலைய வேண்டியதில்லை. தோப்பூர் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல் நாட்டினார்கள். கல் ‘வாஸ் லெய்ட்’. பிறகு கட்டடம் எழும்பாமல் அது ஆண்டுக்கணக்கில் கிடந்தது. கல் ‘லே’. ஒரே கல்லில் இரண்டு வரிசை!

‘வாஸ் லெய்ன்’ என்று எங்கே கண்டாலும் தயங்காமல் பிழை என்று குறியுங்கள். ‘எதை’ என்ற கேள்விக்கு இடமில்லாத, செயப்படுபொருள் குன்றிய வினைக்கு ஆங்கிலத்தில் செயப்பாட்டுவினை கிடையாது. ‘ஹி லெய்ட் ஆன் த ஃப்ளோர்’ என்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பேச்சில் சொல்வதுண்டு. தேர்வில் அது செல்லாது, ‘லே’ என்றே வர வேண்டும். பொய் சொல்வதைக் குறிக்கும் ‘லை’ தனி. அது சாதுவாக ‘லைட்’, ‘லைட்’ (lied, lied) என்று போய்விடும்.

60 நிமிடத்தில் 100 கேள்விகள். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் 0.50 கழியும். இரண்டு வரிசையும் நாக்கில் நின்றுவிட்டால் இத்தகைய கேள்வி சில நொடிகளில் முடிந்துவிடும். மிச்சமாகும் நேரத்தைக் கணக்குப் பகுதிக்குக் கொடுங்கள்.