துண்டு துண்டாய்ச் சேர்த்த றலி

வன்னியில் பழைய றலி (Raleigh, இங்கிலாந்துக் கம்பனி) சைக்கிள் ஒன்று முழுதாகக் கிடைப்பது அரிது. பொருளாதாரத் தடைக் காலத்தில் விறகு, நெல்மூட்டை, நோயாளி எல்லாமே சைக்கிளில்தான். அப்படி உழைத்த வண்டிகள் பலவற்றை 2009இல் போரில் இடம்பெயர்ந்த சனம் வழியிலேயே விட்டுவிட்டு வந்தது. இன்று ஒரு வளவில் பிரேம் கிடக்கும், இன்னொரு வளவில் முன்சில்லு, பழைய இரும்புக் கடையில் ஹாண்டில். என் வண்டியின் பாகங்களையும் மாங்குளம், மல்லாவி, ஒட்டுசுட்டான் என்று அலைந்துதான் சேர்த்தேன்.

பிரேம் வாங்கும்போது துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நேராக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு நூலை முன்குழாயைச் சுற்றி, இரண்டு முனைகளையும் பின்சில்லு பூட்டும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இழுத்துக் கட்டுங்கள். சீற் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருந்தால் வாங்கலாம்.

என்னை அதிகம் அலைக்கழித்தது கிறாங்கின் (மிதிகட்டை பூட்டிய தண்டின்) அச்சு சுழலும் கப், அதாவது போல்ஸ் (சிறு இரும்புக் குண்டுகள்) ஓடும் கிண்ணம். உள்ளே குழி விழுந்திருந்தது. கடையில் புதிது இருந்தது, விலையும் பெரிதில்லை. ஆனால் றலி தன் பிரேம்களுக்கு அங்குலத்துக்கு 26 புரி வெட்டிய கம்பனி. மற்ற வண்டிகளுக்கு வழக்கமாக வருவது 24. புதுக் கப் ஒரு சுற்றுப் போய் இறுகி நிற்கும். அந்த இடத்தில் சாவியைப் போட்டு முறுக்கினால் பிரேமின் புரியே போய்விடும், பிறகு அது வெறும் இரும்புதான். முன்சில்லைத் தாங்கும் போக்கின் (fork) புரியும் அப்படியே. ஆகவே புரி உள்ள இடத்துக்கு இன்னொரு றலியில் இருந்துதான் எடுக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். மல்லாவியில் ஒரு ஐயா மாட்டுக் கொட்டிலில் சாத்தி வைத்திருந்த உடைந்த வண்டியைக் காட்டி, "கழற்ற முடிந்தால் கொண்டு போ தம்பி" என்றார். வலப்பக்கக் கப் இடம்புரி, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். மண்ணெண்ணெயில் ஊறவிட்டுப் பொறுமையாகத் திருப்பியதில் இரண்டும் சேதமில்லாமல் வந்தன. பக்கத்துக்குக் கால் அங்குலப் போல்ஸ் பதினொன்று, நிறைய கிறீஸ்.

கிறாங்கை அச்சோடு இறுக்கும் ஆப்பான கொட்டர் பின்னை அடித்துக் கழற்றும்போது கிறாங்குக்குக் கீழே ஒரு இரும்புக் குழாயை நிலத்தில் ஊன்றி முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் அடி முழுவதும் போல்ஸில்தான் விழும். திரும்பப் பூட்டும்போது இரண்டு பின்களும் எதிரெதிர்ப் பக்கமாக இறங்க வேண்டும். ஒரே பக்கமாக இறக்கினால் மிதிகட்டைகள் ஒரே கோட்டில் நிற்காது.

சில்லு கோர்ப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. பழைய இங்கிலாந்து வண்டிகளுக்கு முன்னுக்கு 32 கம்பி, பின்னுக்கு 40. கடை றிம்மில் 36 துளைதான் இருந்தது, அதனால் 40 துளை றிம் புதுக்குடியிருப்பில் அகப்படும் வரை பொறுத்திருந்தேன். இந்த வண்டியின் கம்பி பிறேக்கின் (வயருக்குப் பதிலாக இரும்புக் கம்பியால் இழுபடும் பிறேக்கின்) கட்டை றிம்மின் உட்பக்கத்தில், கம்பிகள் நிற்கும் பக்கமாக அழுத்துவது. அதனால் அந்த வடிவ றிம்மே வேண்டும். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுற்றவிட்டு, ஒரு சோக்கட்டியை றிம்முக்கு அருகே பிடித்தால் நெளிவு இருக்கும் இடத்தில் கோடு விழும். அந்த இடத்துக் கம்பிகளைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று மட்டும் திருப்ப வேண்டும். எங்கள் சைக்கிள் கடை அண்ணை பக்கத்தில் இருந்து பார்த்தார், கை வைக்கவில்லை. அது எனக்குப் பெரிய சந்தோசம்.

டயர் சிக்கலில்லை. 28 x 1½ அளவில் இந்தியாவில் இன்றும் செய்கிறார்கள்.

புதுப் பெயின்ற் அடிக்கச் சொல்லிப் பலர் கேட்டார்கள். நான் அடிக்கவில்லை. துருவைத் தேய்த்து எண்ணெய் பூசினேன், முன்குழாயில் இருந்த பித்தளைச் சின்னத்தைப் புளி போட்டுத் துலக்கினேன். அதில் நாரைத் தலை தெளிவாகத் தெரிகிறது. பழைய கறுப்பு, தேய்ந்த இடங்களோடு அப்படியே இருக்கட்டும்.

இப்போது பின் மட்காட் மட்டும்தான் பாக்கி. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வந்து எடுக்கிறேன். மாற்றாகத் தர என்னிடம் ஒரு சோடி கிறாங் இருக்கிறது.