பேக் ஹேண்ட்ஸ்பிரிங்குக்கு என்ன அவசரம்?

அமெரிக்க ஆல் ஸ்டார் சியர்லீடிங்கில், அதாவது தனியார் கிளப் அணிகள் மோதும் போட்டி சியர்லீடிங்கில், லெவல் 1 என்றால் குட்டிக்கரணம், கார்ட்வீல், வாக்ஓவர், ரவுண்ட் ஆஃப் போன்ற எளிய கரணங்கள் வரைதான். பின்னால் பாய்ந்து, கை ஊன்றி, புரண்டு காலில் இறங்கும் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் லெவல் 2-இல் வரும். நின்ற இடத்திலிருந்து அதையே அடுத்தடுத்துப் போட லெவல் 3 ஆக வேண்டும். பெற்றோருக்கு இது இழுத்தடிப்பாகத் தோன்றும், இல்லை.

இந்த வித்தை பெரும்பாலும் கெடுவது தொடக்கத்திலேயே. இல்லாத நாற்காலியில் உட்காரப் போவதுபோல் இடுப்பு பின்னால் சாய வேண்டும். முழங்கால் கால்விரலைத் தாண்டி முன்னே வந்தால் பாய்ச்சல் பின்னால் நீளாது, மேலே எழும்பும். கை காலுக்குப் பக்கத்திலேயே விழும், முழங்கை மடங்கும், தலை மெத்தையில் இடிக்கும். தரையைத் தேடித் தலையை வெடுக்கென்று பின்னால் எறிந்தாலும் இதே கதைதான். கை காதை ஒட்டியே போகட்டும்.

சுவரைப் பார்த்தபடி 30 நொடி முழங்கை மடங்காமல் ஹேண்ட்ஸ்டாண்ட் (கையில் தலைகீழாக) நிற்காத பிள்ளையை இதற்கு இறக்கவே வேண்டாம். பிறகு உருளை மெத்தை, சரிவு மெத்தை, பயிற்சியாளரின் ஒரு கை கீழ்முதுகிலும் மறு கை தொடையின் பின்புறமும் தாங்க ஸ்பிரிங் வைத்த தரை என்று படிப்படியாகப் போகட்டும். டம்பிள் டிராக்கில் (நீளமான டிராம்போலின்) அழகாக வருகிறதே என்று மறுநாளே ஸ்பிரிங் இல்லாத பள்ளி மெத்தைக்கு மாற்றுவதுதான் வழக்கமான தப்பு. துள்ளலைத் தந்தது டிராக், கால் அல்ல.

மணிக்கட்டு வலித்தால் அன்று கை ஊன்றும் பயிற்சி கிடையாது. பிள்ளை பயந்து பாதியில் நின்றால் திட்டாமல் சரிவு மெத்தைக்கே திருப்பி அனுப்புங்கள்.