பிரெட்னிசலோன் தொடங்கியபோது அம்மாவின் எலும்பைக் காத்த கதை

எழுபது வயது தாண்டிய என் அம்மாவுக்கு உடம்பெல்லாம் பெரிய நீர்க்கொப்புளங்கள் போட்டன. அயலில் அக்கி என்றார்கள், பத்துப் போடச் சொன்னார்கள். தோல் வைத்தியர் சிறு துண்டுத் தோல் எடுத்துப் பரிசோதித்து, புல்லஸ் பெம்பிகாய்ட் என்று உறுதிப்படுத்தினார். உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்தத் தோலையே தாக்குகிற நோய். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை 30 மில்லிகிராம் போட்டதும் புதுக் கொப்புளம் வருவது நின்றது. அந்தக் குளிசைக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

ஆனால் மாதக்கணக்கில் போடவேண்டும் என்றார் டொக்டர். அன்றைக்கே எலும்பைப் பற்றிக் கேட்டோம். கேட்கவைத்தது அக்காவின் மகள். பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கிறவள். மூச்சுக் கோளாறு, மூட்டு வீக்கம் உள்ள குதிரைகளுக்கும் ஸ்டீரொயிட் கொடுப்பார்களாம். டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் கொடுத்த குதிரைகளின் இரத்தத்தில் ஆஸ்டியோகால்சின் குறைவதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். எலும்பைக் கட்டுகிற கலங்கள் சுரக்கும் புரதம் அது. அது குறைந்தால் கட்டுமான வேலை மந்தமாகிவிட்டது என்று பொருள். "மனிசருக்கும் இதுதான் சித்தி, நோ வரும் மட்டும் பார்த்துக்கொண்டு இருக்காதேங்கோ" என்றாள்.

டொக்டரும் அதையே விளக்கினார். ஸ்டீரொயிட் எலும்பு கட்டும் கலங்களைக் குறைக்கிறது, அரிக்கும் கலங்களை அதிக நாள் வாழவைக்கிறது. குடல் கல்சியத்தை எடுப்பதும் குறைகிறது, சிறுநீரில் போவது கூடுகிறது. எலும்பு இழப்பு மிக வேகமாக இருப்பது தொடக்கத்து மூன்று முதல் ஆறு மாதங்களில். பஞ்சுபோல இருக்கும் முள்ளந்தண்டு எலும்புதான் முதலில் அடிபடும். நாரி உளைவு என்று தைலம் பூசிக்கொண்டிருக்கும் வயதானவர்களில் சிலருக்கு உண்மையில் முள்ளெலும்பு நசுங்கியிருக்கிறது. நாளுக்கு 2.5 மில்லிகிராமுக்குக் குறையாமல் மூன்று மாதமோ அதற்கு மேலோ போடுகிற எவருக்கும் எலும்பைப் பற்றி யோசிக்கவேண்டும் என்பதுதான் மருத்துவ வழிகாட்டல். 30 எங்கே, 2.5 எங்கே!

கொழும்பில் தம்பி வீட்டில் தங்கி, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம். இளவயதுக்காரரின் எலும்போடு ஒப்பிட்டு எவ்வளவு குறைவு என்று காட்டும் எண்தான் டி-ஸ்கோர்; அம்மாவுக்கு முள்ளந்தண்டில் அது மைனஸ் 2.3. மைனஸ் 2.5 வந்தால்தான் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு நலிவு நோய் என்று பெயர். ஆனால் ஸ்டீரொயிட் போடுகிறவர்களுக்கு அதற்கு முன்பே எலும்பு முறியலாம் என்பதால் டொக்டர் காத்திருக்கவில்லை. சிறுநீரகமும் விட்டமின் டி அளவும் பார்த்து, ஆடிக்கொண்டிருந்த பல்லைப் பிடுங்கிப் புண் ஆறிய பிறகு, எலும்பு அரிபடுவதைக் குறைக்கும் அலெண்ட்ரோனேட் குளிசை வாரம் ஒரு முறை 70 மில்லிகிராம் எழுதினார். பல்லை முதலில் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அரிதாக இந்த மருந்து போடுகிறவர்களுக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

அலெண்ட்ரோனேட் போடுவதுதான் வீட்டில் பெரும்பாடு. வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீரோடு முழுதாக விழுங்கவேண்டும். அரை மணி நேரம் படுக்கக்கூடாது, பிளேன்ரீயும் கூடாது. எழும்பியதும் தேத்தண்ணி இல்லாமல் அம்மாவுக்கு விடியாது. அதோடு தண்ணீர் விஷயமும் இருக்கிறது. எங்கள் மண் சுண்ணாம்புக்கல் மண், கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூட. கல்சியம் இந்தக் குளிசையை உடம்பு உறிஞ்ச விடாது. அதனால் அந்தக் குளிசைக்கு மட்டும் கல்சியத்தையும் நீக்கும் வடிகட்டி இயந்திரத்துத் தண்ணீர். திங்கள் காலையில் குளிசையைப் போட்டதும் பிள்ளையார் கோயில் வரை நடந்து வருவார். அரை மணி நேரமும் போய்விடும், எலும்புக்கும் நல்லது.

கல்சியம் குளிசை மத்தியானச் சோற்றோடு. இதில் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். கல்சியம் லக்டேட்டில் உண்மையான கல்சியம் 13 சதவீதம்தான், காபனேட்டில் 40 சதவீதம். 300 மில்லிகிராம் லக்டேட் குளிசை ஒன்றில் கிடைப்பது 40 மில்லிகிராம்கூட இல்லை. நாளுக்கு 1000 முதல் 1200 வேண்டும், சாப்பாட்டில் வருவதையும் சேர்த்து. நெத்தலியை முள்ளோடு சொதி வைப்போம், குரக்கன் பிட்டு, எள்ளுருண்டை, முருங்கையிலை வறை. சீனி ஏறாமல் இருக்க எள்ளுருண்டையை அளவாகத்தான் கொடுத்தோம், ஸ்டீரொயிட் அதையும் ஏற்றிவிடும்.

அப்புறம் விழாமல் இருப்பது. ஸ்டீரொயிட் தொடைத் தசையையும் பலவீனமாக்கும், குந்தியிருந்தால் எழும்ப முடியாது. கிணற்றடிப் பாசியை உரஞ்சிக் கழுவி, ஸ்டூல் வைத்து, சுவரில் பிடிகம்பி பூட்டினோம்.

நடுவில் சொந்தக்காரர் சிலர், "ஸ்டீரொயிட் எலும்பைத் தின்னும், நிப்பாட்டு" என்றார்கள். அது பெரிய ஆபத்து. நெடுநாள் போட்டால் உடம்பு தானாகச் சுரக்கும் இயற்கை ஸ்டீரொயிட்டான கோர்ட்டிசோல் அடங்கிவிடும். திடீரென நிறுத்தினால் மயக்கம், இரத்த அழுத்தம் விழுதல், உயிருக்கே மோசம். கிளினிக்கில் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைத்தோம். அம்மா இப்போது 5 மில்லிகிராமில் இருக்கிறார், தோலில் புதிதாக எதுவும் இல்லை. கடைசி ஸ்கேனில் முள்ளந்தண்டு அளவு குறையவில்லை. அலெண்ட்ரோனேட் இன்னும் தொடர்கிறது. எப்போது நிறுத்தலாம் என்பதை ஸ்டீரொயிட் முடிந்த பிறகு பார்ப்போம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.