1863 லண்டன் காதல் நாவலுக்காக ஒரு பேய்க் கண்ணாடி

நாவலின் களம் 1863 லண்டன். ஏர்ல் பட்டம் உள்ள பிரபுவின் மகளுக்கும் மேடையில் ஆவிகளை வரவழைத்துக் காட்டும் வித்தைக்காரனுக்கும் காதல். குறுக்கே வருவது அவளுடைய இறந்துபோன அண்ணனின் நிஜ ஆவி. மூன்றாம் அத்தியாயம் முதல் வரைவில் நிற்கவில்லை. வித்தை எது, நிஜம் எது என்று பிரித்தறிய வாசகருக்குப் பிடிமானமே இல்லை. அதனால் அந்த வித்தையைச் சின்ன அளவில் கட்டிப் பார்த்தாயிற்று.

1862 டிசம்பர் 24 அன்று லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் ஜான் ஹென்றி பெப்பர் காட்டிய வித்தை இது. மூல யோசனை ஹென்றி டர்க்ஸுடையது. மேடையின் முன்பக்கம் ரசம் பூசாத, ஊடே பார்க்கக்கூடிய பெரிய கண்ணாடி; கீழே பள்ளத்தில் ஒளிந்திருக்கும் நடிகர்மேல் பலத்த வெளிச்சம். அவருடைய பிம்பம் மேடைமேல் நிற்பதுபோல் அரங்கத்துக்குத் தெரியும்.

மாதிரியில் பள்ளத்துக்குப் பதிலாகப் பக்கவாட்டு அறை. 30 × 20 செ.மீ. கண்ணாடியை 45 பாகையில் நிறுத்தி, 8 செ.மீ. பொம்மைகளை வைத்தோம். 3 மி.மீ. கண்ணாடியில் பேய்க்கு இரண்டு மூக்கு! முன்பரப்பும் பின்பரப்பும் தனித்தனியே பிரதிபலிப்பதால் பிம்பங்கள் சுமார் 2 மி.மீ. விலகுகின்றன. ஆள் உயரப் பேயில் இது கண்ணில் படாது, பொம்மையில் அப்பட்டம். 2 மி.மீ. கண்ணாடி போட்டதும் ஓரளவு சரியானது. மெல்லிய அக்ரிலிக் வளைந்து முகத்தைக் கோணலாக்கியது.

பக்கவாட்டு அறையில் ஒட்டிய கறுப்புச் சார்ட் பேப்பரும் ஏமாற்றியது. பேயைச் சுற்றிச் சாம்பல் நிறக் கட்டம் விழுந்தது; வெல்வெட் ஒட்டிய பிறகே மறைந்தது. கண்ணாடி திருப்பி அனுப்புவது பத்தில் ஒரு பங்கு ஒளியைத்தான். எனவே பேய்மேல் டார்ச்சை நெருக்கமாக அடித்து, மேடையை மங்கலாக்க வேண்டும். கண்ணாடிக்கு முன்னால் பேய்ப் பொம்மை 15 செ.மீ. தள்ளி இருந்தால், பின்னாலும் அதே 15 செ.மீ.யில்தான் பேய் நிற்கும். நாயகியின் பொம்மை ஒரு விரற்கடை நகர்ந்தாலும் பேய் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கிறது.

கதைக்கு வேண்டியது பெட்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தபோது கிடைத்தது. மேடைப் பக்கமிருந்து பார்த்தால் பேய் நிற்கும் இடம் வெறும் தரை. அப்படியானால் வித்தைக்காரன் ஒவ்வோர் இரவும் சாக்பீஸ் குறியைப் பார்த்து, வெறும் காற்றைத்தான் கொஞ்சுகிறான். காதல் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்!

அடுத்து, கறுப்பு உடுப்பு போட்ட பொம்மை பிரதிபலிக்கவே இல்லை. முகமும் கையும் மட்டும் மிதந்தன. மோதிரமும் இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாறியது. ஆனால் மோதிரத் துப்பை விளக்கவே ஒரு பக்கம் பிடிக்கும், அது வேண்டாம்.

இரண்டாம் வரைவில் நாயகி அரங்கத்தில் இல்லை. ஒத்திகையின்போது மேடையில், கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறாள். ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கலந்து எரிந்து சுண்ணாம்புக் கட்டியைச் சுடும் லைம்லைட்டின் சீறல் கீழே அடங்குகிறது. அதற்குப் பிறகு அண்ணன் வருகிறான், முழுக் கறுப்புக் கோட்டில், பொத்தான் வரை தெளிவாக.

அடுத்த வேலை திருமணப் பத்திரக் காட்சி. சாமானியனை மணந்தாலும் ஏர்லின் மகளுக்கு 'லேடி' அடைமொழி போகாது. ஆனால் 1863-இல் செட்டில்மென்ட் (மனைவியின் சொத்தை அவளுக்கே ஒதுக்கும் திருமணப் பத்திரம்) எழுதிக் காப்பாற்றாவிட்டால் அவளுடைய பணமும் நகையும் கணவனுடையவை ஆகிவிடும். அந்தப் பத்திரத்தை வேண்டாம் என்பது அவளா, எழுதியே தீரவேண்டும் என்பது அவனா என்பதை இந்த வரைவில் முடிவு செய்யவேண்டும்.