ஜேர்மனில் கற்ற உடலை ஆங்கிலத்தில் மீண்டும் கற்ற அனுபவம்

ஜேர்மனியின் ஹம் நகரில் வளர்ந்து, ஜேர்மன் மொழியில் தாதியர் பயிற்சி முடித்து, ஒன்பது ஆண்டுகள் அங்கேயே வைத்தியசாலையில் வேலை செய்தவள் நான். இங்கிலாந்தில் தாதியாகப் பதிவதற்குத் தேவைப்பட்ட தாள்கள் யாவும் சிரமமின்றிக் கிடைத்துவிட்டன. என்னை மறித்தது ஓ.ஈ.ரி. எனப்படும், மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலப் பரீட்சை மட்டுமே. கேட்டல், வாசித்தல், பேசுதல் ஒவ்வொன்றிலும் 350 புள்ளிகள் வேண்டும். எழுத்துக்கு 300 போதும். முதல் முறை எனக்குக் கேட்டலில் 330, பேசுதலில் 340. இலக்கணத்தில் நான் அவ்வளவாகத் தடுமாறவில்லை. கோட்டை விட்டதெல்லாம் உடலுறுப்புகளின் பெயர்களில்தான்.

அதற்கு முன்னர், மருத்துவ ஆங்கிலம் என்று விளம்பரம் செய்த ஒரு மொழிப் பள்ளியில் மூன்று மாதங்கள் படித்திருந்தேன். அங்கே தந்த பட்டியல் முழுவதும் ஃபீமர், டிபியா, கிளாவிக்கிள் என்று லத்தீனில் பிறந்த சொற்கள். வைத்தியர்கள் எழுதும் லத்தீனை ஒன்பது ஆண்டுகள் வாசித்து வந்த எனக்கு அதில் புதிதாகக் கிடைத்தது, சொற்களின் வரிசை மாறும் என்பது மட்டுமே: கழுத்து நாடியான ஆர்ட்டேரியா கரோட்டிஸ் ஆங்கிலத்தில் கரோட்டிட் ஆர்ட்டரி ஆகிவிடும். நோயாளிகள் வீட்டில் பேசும் சொற்களை எப்போது படிப்பிப்பீர்கள் என்று அலுவலகத்தில் கேட்டேன். அங்கிருந்தவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, அது பொது ஆங்கிலம், அதற்கு வேறு வகுப்பும் வேறு கட்டணமும் உண்டு என்றார். ஆனால் பரீட்சையில் பேசியவர்களோ நோயாளிகள்.

கேட்டல் பகுதியின் தொடக்கத்தில் நோயாளியின் பேச்சைக் கேட்டுக்கொண்டே குறிப்புகளில் விடுபட்ட இடங்களை நிரப்ப வேண்டும். ஒலிப்பதிவு ஒருமுறைதான் ஒலிக்கும். பயிற்சிக்காகக் கேட்ட ஒரு பதிவில், தவறி விழுந்த ஒருவர் தமக்கு டெம்பிளில் அடிபட்டதாகச் சொன்னார். ஆண்டுதோறும் ஹம் காமாட்சி அம்மன் கோவில் தேரைப் பார்த்து வளர்ந்த என் காதில் அது கோவில் என்றே விழுந்தது. அவர் விழுந்த இடத்தைச் சொல்கிறார் என்று எண்ணி, அடிபட்ட உறுப்புக்கான இடத்தை வெறுமையாக விட்டுவிட்டேன். ஜேர்மனில் ஷ்லேஃப என்று நான் அறிந்த நெற்றிப்பொட்டுக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான் என்பதை அன்றுதான் அறிந்தேன். உச்சரிப்பும் இப்படியே காலை வாரும். ஜேர்மனில் ஓசோஃபாகுஸ் என்று எழுத்துக்கு எழுத்து ஒலிக்கும் உணவுக்குழாய், ஆங்கிலத்தில் இசொஃபகஸ் என்று ஓடிவிடும். வயதானவர்கள் அதையும் விட்டுவிட்டுக் கல்லட் என்பார்கள். ஆகவே எந்தச் சொல்லையும் கண்ணால் மட்டும் படிக்காதீர்கள். காதால் கேட்ட பின்னரே படித்ததாகக் கணக்கில் வையுங்கள்.

பேசுதல் பகுதியில் நடந்தது இன்னும் மனதில் உறுத்துகிறது. ஜேர்மனில் ப்ருஸ்ட் என்ற ஒரே சொல் நெஞ்சையும் குறிக்கும், பெண்ணின் மார்பகத்தையும் குறிக்கும். நெஞ்சுவலிக்கும் அந்தச் சொல்தான். பதற்றத்தில் என் வாயில் அதற்கு ஒலியால் நெருங்கிய ப்ரெஸ்ட் வந்துவிட்டது. நெஞ்சுவலியோடு வந்த ஆண் நோயாளியாக நடித்தவரிடம், மார்பக வலி எப்போது தொடங்கியது என்று இரண்டு முறை கேட்டிருக்கிறேன். அவர் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். அவர் புள்ளி போடுபவர் அல்லர். உரையாடல் பதிவாகி, வேறு ஒருவரிடம் போகும். ஆனாலும் அந்த ஒரு கணத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. நெஞ்சுக்கான செஸ்ட் என்ற சொல் எனக்குத் தெரியாததல்ல; வேண்டிய நேரத்தில் வரவில்லை.

பெறுபேறு வந்த அன்றிரவு அம்மா தொலைபேசியில், "எனக்கும் கொஞ்ச நாளாய் நெஞ்சு நோகுது பிள்ளை" என்றார். வைத்தியரிடம் போகச் சொல்லிவிட்டு வைத்த பிறகுதான் உறைத்தது: தமிழில் நான் நெஞ்சையும் மார்பகத்தையும் ஒருநாளும் குழப்பியதில்லை. மறுநாளே கொப்பியில் ஜேர்மன், ஆங்கிலம் என்றிருந்த இரண்டு நிரல்களோடு தமிழுக்கென மூன்றாவதைச் சேர்த்தேன். க்னோஹெல் என்ற ஜேர்மன் சொல் கணுக்காலுக்கும் விரல் மொளிக்கும் பொது. அதனால், இதய நோயாளி ஒருவரைப் பற்றிய பயிற்சிக் கடிதத்தில் கணுக்கால் வீக்கத்தை விரல் மொளி வீக்கம் என்று பொருள்படும்படி நக்கிள் என எழுதி, லெஸ்டரில் தாதியாக இருக்கும் தோழியிடம் திருத்தம் வாங்கியிருந்தேன். தமிழ் நிரலில் அவை இரண்டு வரிகளாகப் பிரிந்தவுடன் ஆங்கிலமும் ஆங்கிள், நக்கிள் என்று தானாகப் பிரிந்து நின்றது. கௌமென் என்பது அண்ணம். ஆங்கிலத்தில் அதைப்போல் ஒலிக்கும் கம் என்பதோ பல் முரசு. வாயினுள் புண் எங்கே என்று குறிப்பெழுதும்போது இந்த வேறுபாடு சிறியதல்ல.

கை, கால் என்று வரும்போது மட்டும் தமிழும் உதவாது. தோளிலிருந்து விரல்நுனி வரை நமக்குக் கை. இடுப்பிலிருந்து பாதம் வரை கால். அந்த வரிகளுக்கு மட்டும் ஜேர்மனையே நம்புங்கள். கையை ஆர்ம், ஹாண்ட் என்றும் காலை பைன், ஃபூஸ் என்றும் பிரிப்பது ஆங்கிலத்திலும் அப்படியே உண்டு. ஆனால் எலும்புகளின் பெயர்களாக வரும் கூட்டுச் சொற்களின் கடைசியில் உள்ள பைன் காலைக் குறிக்காது. எலும்பு என்ற பழைய பொருளில் நிற்கும். ஷ்லூசெல்பைன் காறையெலும்பு, ஷ்டைஸ்பைன் வாலெலும்பு.

ஜேர்மன் பெயர்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கவும் வேண்டாம். குருட்டுக்குடல் என்று பொருள்படும் பிளின்ட்டார்ம் என்பதை ஜேர்மன் மக்கள் பேச்சில் குடல்வாலுக்கே சொல்வார்கள். அதை ஆங்கிலத்தில் அப்பெண்டிக்ஸ் என்றால்தான் விளங்கும். நாக்கு, கால்விரல், ஈரல், முழங்கை போன்றவை இரு மொழியிலும் உறவுச் சொற்கள். அவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

இரண்டாம் முறை கேட்டலில் 380, பேசுதலில் 390 வந்தன. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம், அறுவைச் சிகிச்சை முடிந்து நான்கு நாட்களான ஒரு முதியவர், தம் காஃப் இறுக்கிப் பிடிப்பதாகப் போகிற போக்கில் சொன்னார். கன்றுக்குட்டிக்கும் கெண்டைக்காலுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்; என் கொப்பியில் அது சிவப்பு மையில் இருந்தது. போர்வையை விலக்கிப் பார்த்தேன். இடது கெண்டைக்கால் மற்றதைவிடத் தடித்துச் சூடாக இருந்தது. குருதிக்கட்டி என்ற சந்தேகத்தோடு வைத்தியரை அழைத்து, இடது காஃப் என்று ஒரே மூச்சில் சொன்னேன்; எந்த இடம் என்று அவர் திரும்பக் கேட்கவில்லை.