‘காக்கவும்’ என்ற அந்த வார்த்தை

பைபிளில் ஆதியாகமம் 2:15-ஐ எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன், ஆனால் கடவுள் மனிதனை ஏதேன் தோட்டத்தைப் ‘பண்படுத்தவும் காக்கவும்’ வைத்தார் என்ற இடத்தில் எபிரெயத்தில் இருப்பது ஷாமார் என்ற சொல், ‘கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து உன்னைக் காக்கக்கடவர்’ என்பதிலும் அதே சொல்தான் என்று தெரிந்தபோது உள்ளுக்குள் ஆடிப்போய்விட்டேன். அவர் நம்மைக் காக்கிற மாதிரி நாம் மண்ணைக் காக்க வேண்டும், எவ்வளவு பெரிய பொறுப்பு!

போன ஞாயிறு ஆராதனையில் அந்த ஆசீர்வாதம் சொல்லி முடித்து எல்லோரும் கிளம்பிய பிறகு பார்த்தேன். பெஞ்சுக்கு அடியில் பாதி குடித்த பிளாஸ்டிக் பாட்டில்கள், ஆளில்லாமல் சுற்றும் மின்விசிறிகள். மனசு கனத்துப்போனது.

கான்ஸ்டான்டிநோபிள் ஆர்த்தடாக்ஸ் திருச்சபை 1989-லேயே செப்டம்பர் 1-ஐப் படைப்புக்கான ஜெப நாளாக அறிவித்துவிட்டது. வெயிலும் வெள்ளமும் ஏழைகளைத்தான் அதிகம் அடிக்கின்றன, அது ஏன் நம் ஜெபக் குறிப்பில் இன்னும் வரவில்லை? அடுத்த சபைக் கூட்டத்தில் கேட்கப் போகிறேன், அப்புறம் அந்தப் பாட்டில்களைப் பற்றியும்.