அப்பத்தாவின் ஊதா விரல்

"முந்நூத்திப் பன்னெண்டா? உன் மெஷினு பொய் சொல்லுதுய்யா."

காலையில் பட்டாலைத் தூணில் சாய்ந்து விரலை நீட்டியிருந்தார் அப்பத்தா. ரத்தத்தில் சர்க்கரை அளவு பார்க்க, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் குத்தினேன்.

அப்போதுதான் கவனித்தேன். நகக்கண்ணில் ஊதாக் கறை.

பன்னீர் திராட்சை!

எங்கள் சர்க்கரைக் கருவியில் ரத்தத் துளியைத் தொடும் பட்டையின் நுனியில் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதி காய்ந்து உட்கார்ந்திருக்கிறது. குளுக்கோஸ் வந்தால் அதிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கி மின்முனைக்குத் தள்ளும். அந்த இத்தனூண்டு மின்னோட்டம்தான் திரையில் எண்ணாகிறது. 1962-இல் அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க் என்ற விஞ்ஞானி சொன்ன யோசனை. இன்று சட்டைப்பையில் அடங்கி எங்கள் காரைக்குடி வீட்டு வளவு வரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் பாவம், சர்க்கரை ரத்தத்தில் இருந்ததா, தோலில் ஒட்டியிருந்ததா என்று அதற்குத் தெரியாது. பஞ்சில் துடைத்தால் போதாது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

கழுவிவிட்டு, ஈரம் போகத் துடைத்து, வேறு விரலில் குத்தினேன்.

148.

"பாத்தியா, நான் ஒண்ணுமே திங்கல."

சரி அப்பத்தா.

அடுப்படியில் திராட்சைக் கொத்தில் பாதியைக் காணோம்.